மூன்றாவது அறைக்குக் காகிதம் இல்லை

மலைப்பக்கத் தீ அடங்கி இரண்டு வாரம் கழித்து எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நான் டண்டினொங்கில் வீடு விற்கும் நிறுவனம் ஒன்றில் ஏஜென்டாக இருக்கிறேன். திருச்சியில் இருக்கும் என் அப்பாவுக்கு வீட்டு புரோக்கர் என்று சொல்ல வாய் வராது. பையன் ஆஸ்திரேலியாவில் பொறுப்பான வேலையில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறார். பொறுப்பு என்ற சொல் அவருக்கு எங்கிருந்து கிடைத்ததோ தெரியவில்லை. எங்கள் தொழிலில் அது அதிகம் புழங்குவதில்லை.

கூட்டத்தில் முதலாளி கண் கலங்கினார். அவர் நல்ல வெள்ளைக்காரர், சீக்கிரம் கண் கலங்கக்கூடியவர். இது வியாபாரம் பண்ணுகிற நேரமில்லை, அந்த மக்களோடு நாம் நிற்க வேண்டிய நேரம் என்று சொன்னார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைப் பலகையில் எரிந்த ஊரின் தெருப்பெயர்களை வரிசையாக எழுதினார். எந்தத் தெருக்காரர்களோடு யார் நிற்பது என்று பிரித்துக் கொடுத்தார். வீட்டை இழந்தவர்களில் பாதிப்பேருக்குத் திரும்பக் கட்டத் தெம்பு இருக்காது, வெறும் மனையை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் எண்ணம். அப்படி விற்கத் தோன்றும் வேளையில் அவர்கள் நினைவுக்கு வரும் முகம் நம்முடையதாக இருக்க வேண்டும்.

முகம் தயாராக இருந்தது. ஒரு பெட்டி நிறைய ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த அட்டைகள். ஒவ்வொன்றிலும் நான் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஊர் ஃபுட்பால் மைதானத்தில் நிவாரணக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். எங்கள் நிறுவனமும் ஒரு கூடாரம் போட்டது. தீயில் வீட்டை இழந்தவர்களை ஆறுதல்படுத்த நாங்கள் ஏற்பாடு செய்திருந்தது நெருப்பில் சுட்ட சாசேஜ். புகை கிளம்பி மைதானத்தில் பரவியதும் அடுத்த கூடாரத்தில் ஒரு குழந்தை வீறிட்டது, அதைக் கேட்டு இன்னொன்றும். தீயணைப்புத் தொண்டர் ஒருவர் வந்து, தயவுசெய்து அணைத்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பாதி வெந்த சாசேஜ்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் காந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களிடம் போனேன்.

அங்கேதான் அந்த அக்காவையும் அண்ணனையும் பார்த்தேன். கணவன் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர்கள், இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். அண்ணன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அக்கா முதியோர் இல்லத்தில் நர்ஸ், எப்போதும் இரவுப் பணி. ஐந்து வருடத்துக்கு முன்பு இந்த மலையில் அவர்களுக்கு வீடு விற்றவன் நான்தான். கை பழகிய பழக்கத்தில் ஒரு அட்டையை நீட்டிவிட்டேன்.

அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். "இதை எதில ஒட்டுறது தம்பி?"

"ஃபிரிட்ஜ்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"ஃபிரிட்ஜ் மடங்கிப்போய் நிலத்தில கிடக்கு. வேணுமெண்டால் கொண்டுபோய் ஒட்டிப் பாக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க வசதியாக இருந்திருக்கும்.

"நெருப்பு வந்த அண்டைக்கு உங்களை நினைச்சனாங்கள்" என்றார் அண்ணன். "ரோட்டில காருக்குள்ள நிக்கேக்க இவதான் சொன்னவ. நாப்பது வருசமா இஞ்ச நெருப்பு வரேல்லை எண்டு அந்த ஏஜென்ட் தம்பி சொன்னவரெல்லோ எண்டு."

"நாப்பது வருஷமா வரலைன்னுதான் சொன்னேன் அண்ணே. இனிமே வராதுன்னு சொல்லல."

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. எங்கள் தொழிலின் வாக்கியங்கள் எல்லாம் இந்த ரகம். எந்தப் பக்கம் பிடித்தாலும் பொய் என்று சொல்ல முடியாது.

"ஓம், அப்பிடித்தான் சொன்னனீங்கள்" என்றார் அக்கா. "எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு."

மனையை விற்கும் எண்ணம் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். கட்டப் போகிறோம் என்றார்கள், இருவரும் ஒரே நேரத்தில். அப்போது எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு எழுந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். போரில் ஒரு வீட்டை விட்டு வந்தவர்கள், இன்னொன்றையும் விடமாட்டோம் என்று ஏதாவது சொல்வார்கள், நானும் கண் கலங்கலாம் என்று காத்திருந்தேன்.

"அங்க பகலில சத்தமில்லை தம்பி" என்றார் அக்கா. "நான் பகலில நித்திரை கொள்ளுற ஆள். ஒரு அறை இருந்தது, வெயிலே வராது. அந்த நித்திரை எனக்கு வேற எங்கயும் வரேல்லை."

பிறகு ஒன்று கேட்டார். "விக்கேக்க வீட்டைப் படமெடுத்துப் போட்டனீங்கள் எல்லோ. அது உங்களிட்ட இருக்கோ? இன்சூரன்ஸ்காரர் வீடு எப்பிடி இருந்தது எண்டு காட்டட்டாம். எங்களிட்ட ஒண்டுமில்லை."

அடுத்த வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் தங்கியிருந்த ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள யூனிட் ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழேதான் காய்கறி லாரிகள் வந்து நிற்கும் இடம். லாரி பின்னால் வரும்போதெல்லாம் பீப் பீப் என்று கத்தியது. அக்கா ஜன்னலில் இரண்டு துவாலைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

அவர்களிடம் அந்த வீட்டின் படங்கள் கைப்பேசியில் நாலைந்துதான் இருந்தன, அவற்றிலும் முன்னால் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் வீடு முழுக்க, மூலை மூலையாக இருந்தது. வரைபடமும் இருந்தது. ஆனால் எங்கள் படங்கள் அகன்ற லென்ஸில் எடுக்கப்பட்டவை. ஹாலில் ஒரு கல்யாணமே நடத்தலாம் போலிருந்தது. உள்ளே ஒரு வெள்ளைச் சோபா. அது விற்பனைக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்துப் போட்டது. மேசையில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம், அதுவும் எங்களுடையது. அந்த வாரம் அதே பழங்கள் மூன்று வீடுகளில் படத்துக்கு உட்கார்ந்தன.

எரிந்துபோன பொருட்களின் பட்டியலை அக்கா எழுதிக்கொண்டிருந்தார். உதவும் ஆர்வத்தில், அந்தச் சோபாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், படத்தில் இருக்கிறதே என்றேன்.

"அது எங்கட இல்லையே."

"யாருக்குக்கா தெரியப் போகுது?"

"வெள்ளைச் சோபா எண்டால் நம்புவினமோ? எங்கட வீட்டில கறி சமைக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் மிக்ஸி என்று எழுதினார்.

அண்ணன் ஒரு படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். சோபாவுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கச் சொன்னார். இன்னும். கடைசியில் திரை முழுக்கப் பச்சையும் சாம்பலுமாகச் சதுரங்கள்தான் இருந்தன. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் அவர்களுக்கு உண்மையாகவே உதவினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. உதவி என்பது பெரும்பாலும் யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான். மண் பரிசோதிப்பவர், வரைபடம் போடுபவர், கட்டட அனுமதி தரும் கவுன்சிலில் போனை எடுக்கக்கூடிய ஒரே பெண்மணி, எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் மனை, தீயின் நாக்கு நேராக வீட்டைத் தொடும் என்று வகுக்கப்பட்ட வலயத்துக்குள் வந்துவிட்டது. அங்கே கட்டுவதென்றால் ஜன்னலுக்கு இரும்பு அடைப்பு, தடித்த கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு வண்டி வந்து திரும்ப அகலமான பாதை எல்லாம் வேண்டும். பாதையை அகலப்படுத்த ஒரு யூகலிப்டஸ் மரத்தை வெட்ட வேண்டியிருந்தது. அது பாதுகாக்கப்பட்ட மரம், வெட்டக்கூடாது என்று கவுன்சில் எழுதியது. வீட்டை எரித்ததில் அந்த மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது கரிந்த உடம்பெல்லாம் பச்சையாகத் துளிர்த்து நின்றது. "அதுக்கு மட்டும் எல்லாப் பெர்மிட்டும் இருக்குது" என்றார் அண்ணன். வண்டிப்பாதையை மறுபக்கமாகத் திருப்பினோம்.

இதையெல்லாம் நான் அலுவலக நேரத்தில்தான் செய்தேன். எங்கள் கணினியில் வாடிக்கையாளர்களைச் சூடு, வெதுவெதுப்பு, குளிர் என்று மூன்றாகப் பிரித்துப் பதிய வேண்டும். சீக்கிரம் விற்கக்கூடியவர்கள் சூடு. வீடு எரிந்தவர்கள் எல்லோரையும் முதலாளி சூட்டில் போடச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நானும் போட்டேன்.

குளிர்காலத்தில் இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். வீட்டில் மூன்று படுக்கையறை என்று நீங்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள், கவுன்சில் பதிவில் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது, பின்பக்கத் திறந்த தாழ்வாரத்தை அனுமதி இல்லாமல் அடைத்துக் கட்டியது. அதை எங்களிடம் மறைத்திருக்கிறீர்கள். ஆகவே அந்த அறைக்கு ஒன்றுமில்லை, மற்றதிலும் குறைப்போம். இவ்வளவையும் மிகுந்த அனுதாபத்தோடு எழுதியிருந்தார்கள்.

அந்த மூன்றாவது அறைதான் அக்கா பகலில் தூங்கிய அறை.

கீழே அவர் ஒரு வரி எழுதியிருந்தார். "தம்பி, இது பிழையெல்லோ? உங்கட விளம்பரத்தில மூண்டு அறை எண்டுதானே இருக்குது."

இருந்தது. எழுதியவன் நான். வீட்டை விற்ற கிழவர் ஒரு தச்சர். வீட்டை விற்றுத் தரச் சொல்லி எங்களிடம் கையெழுத்துப் போட்ட அன்று அந்த அறையின் சுவரைத் தட்டிக்காட்டி, இது நானே அடைத்தது, இதற்குக் காகிதம் கிடையாது என்று என்னிடம் சொன்னார். பரவாயில்லை, இந்த மலையில் பாதி வீடு அப்படித்தான் என்றேன். அலுவலகத்துக்கு வந்து மூன்று படுக்கையறை என்று அடித்தேன். வெயில் வராத அந்த அறையை, மனதுக்கு அமைதி தரும் ஒதுங்கிடம் என்று வர்ணித்தேன். வீட்டுக்கு ஒரு படுக்கையறை கூடினால் விலை எவ்வளவு ஏறும் என்பது எனக்கு மனப்பாடம்.

மூன்று நாள் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் காலையில் ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். அக்கா அப்போதுதான் இரவுப் பணி முடிந்து வந்து, சீருடையோடு கதிரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ரூமுக்கு பெர்மிட் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அண்ணன் கேத்தலைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுதான் வித்தனீங்களோ?"

"ஆமா."

காரணங்கள் சொல்லத் தொடங்கினேன். சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை, எங்களுடையது அல்ல, எல்லா ஏஜென்டும் இப்படித்தான் போடுவார்கள், அப்போது நான் வேலைக்குப் புதிது. மூன்றாவது காரணம் உண்மைகூட இல்லை. அக்கா கையைக் கொஞ்சம் தூக்கினார், நிறுத்தினேன்.

"நாங்கள் மறைச்சனாங்கள் எண்டுதான் அவை சொல்லினம். எங்களுக்குத் தெரியாது எண்டு நீங்கள் எழுதித் தருவீங்களோ?"

"எழுதினா என் லைசென்ஸுக்கே பிரச்சனை வரும்க்கா."

"ஓம், வரும்" என்று ஒத்துக்கொண்டார். எழுந்து, காதுக்குப் பஞ்சை எடுத்துக்கொண்டு, துவாலை தொங்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னலுக்குக் கீழே ஒரு லாரி பின்னால் வரத் தொடங்கியது.

அண்ணன் எனக்கு முன்னால் தேத்தண்ணியையும் ஒரு நோட்டையும் வைத்தார். பேனாவைத் தேடி எடுத்து, நோட்டின் மேல் குறுக்காக வைத்தார். பிறகு அவரும் உட்கார்ந்து தன் தேத்தண்ணியைக் குடித்தார்.

நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றும் விளம்பரமாகவே வந்தன. "உரிய தகவல்கள் முழுமையாகப் பகிரப்படாத சூழல் நிலவியது" என்று ஒன்று. "போதிய கவனம் செலுத்தப்பட்டிருக்கலாம்" என்று இன்னொன்று. யார் பகிரவில்லை, யார் கவனிக்கவில்லை என்று தெரியாதபடி எழுதுவதில் எனக்குப் பத்து வருட அனுபவம். ஒவ்வொன்றையும் அண்ணன் வாங்கிப் படித்தார், தாளைக் கிழித்து மடித்து வைத்தார். நாலாவதில் இப்படி எழுதினேன்: அந்த அறைக்கு அனுமதி இல்லை என்று விற்றவர் என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியும். வாங்கியவர்களிடம் நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது.

"இது விளங்குது" என்றார் அண்ணன்.

கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வந்து காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

முதலாளிக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கண் கலங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். எரிந்துபோன ஒரு வீட்டுக்காக எரியாத ஒரு நிறுவனத்தைக் கொளுத்தப் பார்க்கிறாய் என்றார். சம்பளமில்லாத விடுப்பில் போகச் சொன்னார். உரிமம் கொடுக்கும் துறை ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, தொழில் நெறிமுறை பற்றிய வகுப்பு ஒன்றை இணையத்தில் படிக்க வைத்தது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. முதல் தடவையிலேயே தேறிவிட்டேன். எது சரி என்பது எங்களில் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல.

அக்கா அந்தக் கடிதத்தை இணைத்து, இன்சூரன்ஸ் புகார்களை இலவசமாக விசாரிக்கும் அமைப்புக்கு எழுதினார். விண்ணப்பத்தை வேலை இடத்தில், இரவில் முதியவர்கள் தூங்கிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அவரே நிரப்பினார். ஏழெட்டு மாதம் இழுத்தது. தெரியாத ஒன்றை மறைத்திருக்க முடியாது என்று முடிவாக எழுதி, மூன்று அறைக்கும் கொடுக்கச் சொன்னார்கள். புது வரைபடத்தில் மூன்று அறைக்கும் முறையாக அனுமதி கிடைத்தது.

அந்தச் சமயத்தில் ஒரு உள்ளூர்ப் பத்திரிகை, திரும்பக் கட்டுகிறவர்களைப் பற்றி எழுத வந்தது. எங்கட ஏஜென்ட் உண்மையை எழுதித் தந்தவர், அதாலதான் கட்டுறம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். என்ன உண்மை என்று நிருபர் கேட்கவில்லை. தீயில் வாடியவர்களுக்குத் தோள்கொடுத்த ஏஜென்ட் என்று தலைப்புப் போட்டார்கள். மறுநாளே முதலாளி போன் பண்ணி என்னைத் திரும்ப வரச் சொன்னார். பத்திரிகைப் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அந்த வருடத் தொழில்துறை விருந்தில் சமூக அக்கறைக்கான விருது எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தது. மேடையில் நன்றி சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் கைதட்டினேன். பக்கத்து மேசைக்காரர் என் தோளைத் தட்டி, இது நல்ல உத்தி, எங்களுக்குத் தோன்றவில்லையே என்றார்.

வீடு முடிய இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. சாம்பல் நிறத்தில், சின்ன ஜன்னல்களோடு, இரும்பு அடைப்புகளோடு நின்றது. அழகு என்று சொல்ல எனக்கே வார்த்தை வரவில்லை. அண்ணன் அதைச் சுற்றி வந்து, "கப்பலில வந்து இறங்கின கன்டெய்னர் மாதிரி இருக்குது" என்று திருப்தியாகச் சொன்னார்.

குடிபூரலுக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கிரகப்பிரவேசத்துக்கு, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று பார்த்து வெயிலும் காற்றும் அதிகம், யாரும் நெருப்பு மூட்டக்கூடாது என்று மாநிலம் முழுக்கத் தடை அறிவித்திருந்தார்கள். ஐயர் ஹோம குண்டத்தோடு வந்து இறங்கினார். வீட்டுக்குள் வளர்க்கிற தீயை யார் பார்க்கப் போகிறார்கள், சாஸ்திரப்படி அக்கினி இல்லாமல் முடியாது என்றார்.

"ஐயா, அக்கினி பகவான் ஒருக்கா வந்து எல்லாத்தையும் எடுத்தவர்" என்றார் அக்கா. "அவருக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சு. நீங்கள் மந்திரத்தை மட்டும் சொல்லுங்கோ."

ஐயர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். கடைசியில் ஒரு சின்ன நெய்விளக்கோடு சமாதானம் ஆயிற்று. பாலை மின்சார அடுப்பில் வைத்தார்கள். பொங்கி வழிந்ததும் அடுப்பு பயந்து தானாகவே அணைந்து கூவத் தொடங்கியது. எல்லோரும் சிரித்தார்கள், ஐயரும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, சிட்னியிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் என்னை வாசல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு வீடு உண்டாம்.

"நீங்கள்தான் அந்த ஏஜென்ட் எண்டு சொன்னவை. இந்த வீட்டை இப்ப விலைக்குப் போட்டால் எவ்வளவு போகும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி தாண்டியபோதே, கூரையின் உயரத்தைப் பார்த்து, அறைகளை எண்ணி, எனக்குள் ஒரு தொகை தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். மூன்று அறைக்கும் பெர்மிட் இருக்கிறது என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அக்கா பின்னால் நின்றிருந்தார். கேட்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"தம்பி, சாப்பிட்டாச்செண்டால் அந்தக் கதிரையளை அடுக்கி வையுங்கோ" என்றார். "மூண்டு மணிக்கு முன்னம் கோயில்காரரிட்ட திருப்பிக் குடுக்கோணும்."

நான் உள்ளே போய் அடுக்கத் தொடங்கினேன். நாற்பது கதிரை இருந்தது. சிட்னிக்காரர் நின்று பார்த்துவிட்டு, அவரும் ஒரு பக்கம் பிடித்தார்.